நடுக்கோட்டுக்கு வலப்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

தம்பி இன்றைக்கும் “ரெண்டு நாள் ஆகும்” என்றான். எதைக் கேட்டாலும் அவனுக்கு இரண்டு நாள். வீடு பற்றி எரிகிறது, வாளி எங்கே என்று கேட்டாலும் இரண்டு நாள் கேட்பான்.

தூக்கியின் கையை ஒரு சாண் நீட்ட முடியுமா என்று ஒரு மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள். தூக்கி என்று நாங்கள் சொல்வது, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் துணித் தொட்டிலில் ஏந்தித் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிற இயந்திரம். தோளில் பை மாட்டிக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி பேரிங்கும் பெல்ட்டும் விற்ற நான், பதினோரு வருஷமாக இதைச் செய்து விற்கிறேன். விற்பது நான். கம்ப்யூட்டரில் வரைவது தம்பி. நான் வரைந்தால் தூக்கிக்கும் ஒட்டகத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

“என்னடா, கை ஒண்ணைத்தானே நீட்டணும்? அதுக்கு ரெண்டு நாளா?” என்றேன். பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினான். நூற்றுச் சொச்சம் உறுப்புகளுக்கும் தலைமேல் ஒரு கோப்பு. அதற்கு எலும்புக்கூடு என்று பெயர். அதில் சதையே கிடையாது. கோடு, புள்ளி, எண், அவ்வளவுதான். தூண் இங்கே நிற்கும், கால்கள் இவ்வளவு அகலம், கை இந்தப் புள்ளியில் திரும்பும், கையை இறங்காமல் பிடித்து நிறுத்துகிற தாழ் விழுகிற ஓட்டை இந்தப் புள்ளியில். மற்ற உறுப்புகள் எல்லாம் எலும்புக்கூட்டைப் பார்த்துத்தான் அளவு எடுக்கும். ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது. மேலே ஓர் எண்ணை மாற்றினால் கீழே அத்தனையும் தானாக மாறிக்கொள்ளும்.

“ஒண்ணு ஒண்ணைப் பாத்து அளவெடுத்தா என்ன?”

“பக்கத்து வீட்டைப் பாத்து வீடு கட்டின கதைதான். அவன் சுவரை நகத்தினா நீயும் நகத்தணும். உன்னைப் பாத்துக் கட்டினவனும் நகத்தணும். கடைசியில தெருவே கோணல்.”

“அப்ப நம்ம குடும்பத்துக்கு எலும்புக்கூடு நான்தான்.”

“உடம்பைப் பாத்தா அப்படித் தெரியலையே அக்கா.”

நாக்கு மட்டும் அவனுக்கு இரண்டு நாள் எடுப்பதில்லை.

மாதக் கடைசிக் கோப்புகளைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். வழக்கம்போல பீரோவில் வைத்தேன். போன வாரத்து வரைபடங்களில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். தப்பு இருந்தால் சிவப்பு வட்டம். திருத்தி முடித்ததும் வட்டத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக். பச்சை விழாமல் ஒரு தாளும் கீழே பட்டறைக்கு இறங்காது. திங்கட்கிழமை தவறாமல் எலும்புக்கூட்டின் எண்களைத் தன் நோட்டோடு ஒத்துப் பார்ப்பான். எனக்குப் பொறுமை போய்விடும். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு தூக்கிகூட யாரையும் கீழே போட்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று நானும் வரைவாளர் ஆனேன்.

தையல்காரம்மா ஒருத்தி போன் செய்தாள். கணவர் இரண்டு வருஷமாகப் படுக்கையில். அறைவாசல் குறுகல். “ரெண்டு விரல் குறைச்சுத் தர முடியுமாம்மா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற வழி பாக்கணும்” என்றாள். வேறு வழி என்றால் வேறு கடை. தம்பி கீழே அரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அரம் என்பது எங்கள் பிட்டர். எது பொருந்தாவிட்டாலும் அரத்தை எடுத்துத் தேய்த்துப் பொருத்திவிடுவார்; அதனால் அந்தப் பெயர். இரண்டு பேரும் ஆரம்பித்தால் அரைமணி நேரம் நிச்சயம்.

அவன் கம்ப்யூட்டர் திறந்தபடி இருந்தது. எலும்புக்கூடும் திரையிலேயே இருந்தது. கால் அகலம் 620. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவன் செய்கிற மாதிரியே எண்ணின் மேல் இரண்டு தட்டு தட்டி, 58 என்று அடித்துப் புதுப்பி பொத்தானை அழுத்தினேன். பூஜ்யம் விட்டுப்போயிற்று. அம்மாடி. இரண்டு காலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, தூண் வெளியே தள்ளி, மிதிபட்ட வெட்டுக்கிளி மாதிரி. திரை முழுக்கச் சிவப்பு. உடனே 580 அடித்தேன். எல்லாம் ஒழுங்காக எழுந்து நின்றது. கொஞ்சம் ஒல்லியாக. “முடியும்மா” என்றேன். திரும்ப 620 போட்டேன். பழையபடி ஆனது. எழுந்து வந்துவிட்டேன்.

தம்பி மேலே வந்து உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தான். சொல்லவில்லை. சொன்னால் இரண்டு நாள் திட்டுவான்.

ஓர் எண்ணைத் தட்டினால் இரும்பே ஒடுங்குகிறது. இந்தச் சுகத்தைப் பதினோரு வருஷம் அவனுக்கு மட்டும் விட்டு வைத்திருக்கிறேனே.

மார்ச் 8, சனி

தையல்காரம்மாவின் 580 ஆர்டரைத் தம்பியிடம் முறையாகக் கொடுத்தேன். “ரெண்டு நாள்” என்றான். “சரிடா” என்றேன். என்ன, காய்ச்சலா என்பதுபோல் பார்த்தான்.

மார்ச் 21, வெள்ளி

பன்னிரண்டு தூக்கிகள் போயின. தையல்காரம்மாவுடையதும் சேர்த்து. லாரி கிளம்பிய பிறகு அரம் வந்து, “தாழ்த் தகடு இந்தத் தடவை முரண்டு பிடிச்சுதும்மா. தாழ் முள்ளு ஓட்டைக்குள்ள இறங்கவே இல்ல. நாலே இழுப்பு, வழிக்குக் கொண்டு வந்துட்டேன்” என்றார். உங்களைப் போல ஒருத்தர் இருந்தால் போதும் என்றேன். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அரைமணி நேரச் சண்டை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “மனைவியை உங்க மெஷின்ல தூக்கி நிறுத்தியிருந்தேன். படக்குன்னு ஒரு சத்தம். நாலு விரல் கீழ இறங்கிட்டா. அப்புறம் நின்னுடுச்சு. அடி எதுவும் படல. ஆனா இனிமே அதுல ஏற மாட்டேங்கறா. என்னாலயும் அவளைக் கையால தூக்க முடியாது.”

நானும் தம்பியும் உடனே போனோம். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், எங்களைப் பார்க்கவில்லை. தம்பி தாழ்த் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்தது. தாழில் நாலு மில்லி ஆட்டம் என்றால் கை நுனியில் நாலு விரல் ஆட்டமாம்.

திரும்பி வருகிற வழியெல்லாம் தகட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

ஏப்ரல் 9, புதன்

மற்ற பதினோரு வீடுகளுக்கும் நானே போன் போட்டேன். நாங்கள் வந்து பார்க்கும்வரை தொட வேண்டாம் என்று சொன்னேன். ஒருவர் திட்டினார். மற்றவர்கள், சரி, அதுவரைக்கும் எப்படித் தூக்குவது என்று கேட்டார்கள்.

மேலே தம்பி. தகட்டை வரைபடத்தோடு வைத்துப் பார்த்தான். அரம் தேய்த்த இடத்தைத் தவிர அச்சாகப் பொருந்தியது. அப்படியானால் வரைபடமே தப்பு. எலும்புக்கூட்டைத் திறந்தான். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை மாதிரி ஒரு புள்ளி. அதுதான் தாழின் ஓட்டை.

“எண் சரியாத்தான் இருக்கு. கோட்டுலேர்ந்து ரெண்டு மில்லி. ரெண்டுன்னா ரெண்டு. பக்கம்தான் தப்பு. இடப்பக்கம் இருக்கணும். வலப்பக்கம் இருக்கு.” தன் நோட்டைக் காட்டினான். இடப்பக்கம். திங்கட்கிழமைதோறும் எண்ணை ஒத்துப் பார்த்திருக்கிறான். எண் மாறவே இல்லை. பக்கத்துக்கு எண் கிடையாதே.

“என் கம்ப்யூட்டரை யாராச்சும் தொட்டீங்களா?” இதை அரத்திடம் கேட்டான்.

“எனக்கு மவுசைப் பிடிச்சாலே கை வேர்க்கும் சார். எலிப்பொறின்னா வேணா வைப்பேன்.”

பிப்ரவரிக் கோப்பில் இடப்பக்கம். மார்ச் 6-ஆம் தேதிக் கோப்பில் வலப்பக்கம். “அன்னைக்கு மதியம் நான்தான் உக்காந்து வேலை பாத்தேன். நான்தான் சேமிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, புள்ளியைத் தொடவே இல்ல” என்றவன் நிறுத்திவிட்டு, “ஞாபகம் இருக்குன்னு நினைக்கிறேன்” என்றான்.

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

நான்தான் எண்ணைத் திரும்பப் போட்டுவிட்டேனே. 620. எல்லாம் பழையபடி ஆனதை என் கண்ணால் பார்த்தேனே.

ஏப்ரல் 10, வியாழன்

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனேன்.

“அக்கா, அப்பாவுக்கு எப்படி ஆரம்பிச்சது?”

எதுக்குடா இப்ப அது என்றேன்.

“இடது வலதுலதானே ஆரம்பிச்சது?”

அப்பா டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்தவர். ஐம்பத்து நாலாவது வயதில் ஒருநாள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அப்புறம் சட்டையின் எந்தக் கையில் எந்தக் கையை விடுவது என்று நின்றார். நாலே வருஷத்தில் எங்கள் பெயர்கள் போயின.

தம்பிக்கு வருகிற ஜூனில் ஐம்பத்து நாலு.

“வேலை ஜாஸ்திடா உனக்கு. நாலு நாள் தூங்கு, சரியாப் போயிடும்.” இதைத்தான் சொன்னேன். விற்க வேறு சரக்கு இல்லாதவன் சொல்கிற மாதிரி.

ஏப்ரல் 11, வெள்ளி

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை மாடிப்படி ஏறினேன். மூன்று தடவையும் விலைப்பட்டியல் எங்கே என்று கேட்டுவிட்டு இறங்கினேன்.

ஏப்ரல் 16, புதன்

புதுத் தகடுகள் வந்துவிட்டன. மூன்று நாளில் பன்னிரண்டு வீடு. இன்றோடு முடிந்தது. வேனை அரம் ஓட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் தம்பி முதலில் இறங்குவான். நான் பேசுகிறேன்டா, பேசுவது என் தொழில் என்றேன். கேட்கவில்லை. வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு சொல்வான்: “தப்பு என்னோடதுங்க. வரைஞ்சது நான். மன்னிச்சிடுங்க.” பன்னிரண்டு வீட்டிலும் இதே மூன்று வாக்கியம். பிறகு தரையில் மண்டியிட்டுத் தகட்டை மாற்றுவான். முள்ளைப் பத்துத் தடவை போட்டு எடுத்துப் பார்ப்பான். கடைசியில் தானே தொட்டிலில் உட்கார்ந்து, அரத்தைத் தூக்கச் சொல்லி, காலை ஆட்டிக் காட்டுவான். தலைமையாசிரியரின் மனைவி அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தார்.

கடைசி வீடு தையல்காரம்மாவுடையது. துணிக் குவியலுக்கு நடுவே வழி விட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி தன் மூன்று வாக்கியங்களைச் சொன்னான். அவள் நல்லவள். “அட, விடுங்க தம்பி. மனுஷன்னா பக்கம் மாறத்தான் செய்யும். நான்கூட ஒருதடவை ரெண்டு இடது கை வச்சுச் சட்டை தைச்சுட்டேன். வாங்கிட்டுப் போனவர் போட்டுப் பாத்துட்டு, நானே கோணலாப் பொறந்துட்டேனோன்னு பயந்துட்டாரு” என்று சிரித்தாள். கட்டிலில் கிடந்த அவள் கணவரும் சிரித்தார்.

தம்பி சிரிக்கவில்லை. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாதவன் போல நின்றான். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். அம்மா, இவன் இல்லை, நான்தான் என்று. நாலே சொல்.

நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

திரையின் இரண்டு ஓரத்திலும் தாள் ஒட்டியிருக்கிறான். ஒன்றில் ‘இடது’. ஒன்றில் ‘வலது’. ஒரே வரைபடத்தை நாள் முழுக்கப் பார்த்தான். சிவப்பும் போடவில்லை, பச்சையும் போடவில்லை. சாயங்காலம் அறைச் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

“வேற ஆளைப் பாத்துக்க அக்கா. எலும்புக்கூட்டுல என் கை படக் கூடாது. அடுத்த தடவை நாலு விரலோட நிக்காது.”

“உளறாதே.”

“இன்னும் உளற ஆரம்பிக்கல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுந்துடறேன்.”

சாவி இன்னும் அதே இடத்தில் கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்கக்கூடக் கை வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

தம்பி மனைவி போன் செய்தாள். “அண்ணி, செருப்புப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறார். டாக்டர் எல்லாம் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னார். ‘எங்கப்பாவுக்கும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க’ன்னு இவர் எழுந்து வந்துட்டார். நீங்க சொன்னாக் கேப்பார், ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியாது.

பட்டறை ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற என் வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டோரில் போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், “உனக்கு விக்கத் தெரியும். திரும்ப எடுத்துக்கத் தெரியாது” என்றார். முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் பேசியதே நாற்பது வாக்கியம் இருக்கும். அதில் ஒன்று இது.

ஏப்ரல் 25, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அவன் வீட்டுக்கே போனேன். கூடத்தில் உட்கார்ந்து, போட்டு உடைத்தேன். “மார்ச் 6-ஆம் தேதி நீ கீழ இருந்தே. தையல்காரம்மா போன்ல இருந்தா. நான்தான் உன் கம்ப்யூட்டர்ல 580 அடிச்சேன். அப்புறம் 620 அடிச்சேன். புள்ளி மாறினது என்னால.”

திட்டுவான் என்று நினைத்தேன். கையில் கிடைத்ததை எறிவான் என்றுகூட நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிரித்தான்.

“அக்கா, 620-ஐ 580 ஆக்கித் திரும்ப 620 ஆக்கினா புள்ளி பக்கம் மாறாது. யாராச்சும் அகலத்தை மாத்திட்டாங்களோன்னு நானும் யோசிச்சேன். பிப்ரவரிக் கோப்புல இருபது தடவை அடிச்சுப் பாத்துட்டேன். 500 வரைக்கும் இறக்கிப் பாத்துட்டேன். அசையல.”

“டேய், நான்தான்டா. சத்தியமா.”

“நீ நல்லா விப்பே. ஓடாத மெஷினைக்கூட ஓடும்னு நம்ப வைப்பே. இதை என்கிட்ட விக்காதே.”

தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை நன்றியோடு பார்த்தாள். தம்பியைத் தேற்ற அக்கா பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளாம்.

“நான் வெளியூர் படிக்கப் போயிருந்தப்ப ரெண்டு வருஷம் போன்ல ‘அப்பா நல்லா இருக்கார்’னே சொன்னே” என்றான். “நான் லீவுல வந்து வாசல்ல நின்னேன். ‘யாரு, என்ன வேணும்?’னு அப்பா கேட்டார். அன்னைக்கே முடிவு பண்ணினேன், நீ ஆறுதலாப் பேசினா நம்பக் கூடாதுன்னு.”

பரீட்சை கெட்டுவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். அதைக் கேட்கவா அவன் உட்கார்ந்திருக்கிறான்?

வாழ்க்கையில் எத்தனை பேரிடம் எத்தனை பொய் விற்றேன். அத்தனையும் போணி ஆயிற்று. ஓர் உண்மையை எடுத்துக்கொண்டு போனேன். திருப்பி அனுப்பிவிட்டான்.

ஏப்ரல் 28, திங்கள்

பீரோவிலிருந்து பென் டிரைவை எடுத்தேன். அவன் அறையைத் திறந்து, அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ‘இடது’, ‘வலது’ இரண்டு தாளும் இன்னும் ஒட்டியே இருக்கின்றன. பிப்ரவரிக் கோப்பு. புள்ளி இடப்பக்கம். 580. புதுப்பி. புள்ளி இடப்பக்கம். 620. புதுப்பி. புள்ளி இடப்பக்கம்.

நின்றுகொண்டு அடித்துப் பார்த்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி, போனில் யாரும் இல்லாமலே “முடியும்மா” என்று சொல்லிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை.

அரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு கீழே இறங்கிவிட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஒருவேளை நான் இல்லையோ? அவனேதானோ? இப்படி நினைத்தபோது மனசு ஒரு கணம் லேசானது. சீ.

ஏப்ரல் 30, புதன்

எழுதினதைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. விற்ற சரக்கைத் தடவிப் பார்ப்பவள் வியாபாரி இல்லை. இன்று தையல்காரம்மா எத்தனை மணிக்குப் போன் செய்தாள் என்று தேடி இந்த நோட்டைப் புரட்டினேன். மணி எழுதவில்லை. ஆனால் எழுதியிருக்கிறேன், கொட்டை எழுத்தில்: 58. பூஜ்யம் விட்டுப்போயிற்று. மிதிபட்ட வெட்டுக்கிளி.

சுத்தமாக மறந்திருக்கிறேன். தப்பு நம்பருக்குப் போன் போட்டதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

மாடிக்கு ஓடினேன். இந்த உடம்போடு. பிப்ரவரிக் கோப்பு. 58. புதுப்பி. சிவப்பு. 580. புதுப்பி. 620. புதுப்பி.

வலப்பக்கம்.

அந்த வெட்டுக்கிளி ஆன நொடியில் புள்ளி கோட்டைத் தாண்டிக் குதித்திருக்கிறது. திரும்பி வரும்போது எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன, அது மட்டும் போன பக்கத்திலேயே நின்றுவிட்டது. கோட்டிலிருந்து ரெண்டு மில்லி என்றுதானே சொல்லி வைத்திருக்கிறோம்? அங்கேயும் அதே ரெண்டு மில்லிதான்.

இதை அவனிடம் எப்படிக் காட்டுவது? அறைப் பக்கமே வரமாட்டேன் என்கிறான். வந்தாலும், யாரையோ பிடித்துக் கேட்டு ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன் என்பான். மார்ச் 6-ஆம் தேதித் தாளைக் கிழித்துக் கொடுத்தால்? நேற்று உட்கார்ந்து எழுதினது என்பான். தனித் தாளை நானே யாரிடமும் நம்பி வாங்க மாட்டேன். தைத்த நோட்டு என்றால்தான் நம்பிக்கை. முன்னும் பின்னும் தாள்கள் இருக்க வேண்டும். பேனா மாறுவதும் மை தீர்வதும் தெரிய வேண்டும்.

முழு நோட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

அதில் மூன்று தடவை மாடிப்படி ஏறி இறங்கினது இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது. நேற்றைய வரி இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அடித்த இடத்தைத்தான் அவன் முதலில் பார்ப்பான்.

டேய், படிக்கும்போது—

வேண்டாம். இங்கேயும் விற்க ஆரம்பிக்கிறேன்.

மே 2, வெள்ளி

(பேக்கிங் லிஸ்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.)

கொடுத்துவிட்டேன். வாசலிலேயே. “மார்ச் 6 பாரு” என்றேன். “என்ன இது, கணக்கா?” என்றான். இல்லை என்றேன். உள்ளே கூப்பிட்டான், போகவில்லை.

மே 3, சனி

போன் இல்லை.

மே 6, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வந்தான். என் மேசையிலிருந்த சாவியை எடுத்தான். என்னைப் பார்க்கவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மாடிப்படி அடியில் நின்று கேட்டேன். விசைகளைத் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு; நிறுத்தம். மூன்று தட்டு, நிறுத்தம். மூன்று தட்டு.

பிறகு காகிதம் கிழிகிற சத்தம், இரண்டு தடவை. ஓரத்தில் ஒட்டியிருந்த தாள்கள்.

மதியம் கீழே இறங்கி வந்தான். செருப்பைப் பார்க்காமலே மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதைப் பார்த்ததும் ஸ்டோருக்குள் போய் நின்றேன். வீட்டுக்காரர் போல்ட் டப்பாவை ஒதுக்கி, ஸ்டூலில் இடம் கொடுத்தார்.

மே 9, வெள்ளி

கீழே அரத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். “ஓட்டை சேரலைன்னா தேய்க்காதீங்க, என்கிட்ட வாங்க. சேராதது நல்லது. அதுதான் தப்பைக் காட்டிக் கொடுக்குது.” இடது, வலது, மில்லி, எல்லாம் தடுமாறாமல் வந்தன. பழைய குரல். அரமும் சளைக்கவில்லை: “வந்தா ரெண்டு நாளுன்னுவீங்க சார்.” மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

என்னிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்டர் விவரங்களை அரத்திடம் கேட்டு வாங்கிக்கொள்கிறான். எலும்புக்கூட்டில் தாழ்ப் புள்ளி இனி கோட்டைத் தாண்ட முடியாதபடி கட்டிவிட்டானாம். கம்ப்யூட்டரைத் திறக்க இப்போது ரகசியச் சொல்லும் வேண்டுமாம். இதெல்லாம் அரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன் செய்த தம்பி மனைவி, அவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார் என்றாள். அண்ணி என்று கூப்பிடவில்லை. அவளும் நோட்டைப் படித்திருக்கிறாள்.

மே 12, திங்கள்

காலையில் வந்தபோது நோட்டு என் மேசையில் இருந்தது. தாளோ குறிப்போ எதுவும் கூட இல்லை.

மார்ச் 6-ஆம் தேதிப் பக்கத்தில் 58-ஐச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம். பக்கத்தில் பச்சை டிக். புரட்டிக்கொண்டே போனேன். மாடிப்படி வரியில் ஒன்றும் இல்லை. நான் பயந்த அந்த ‘ஒருவேளை நான் இல்லையோ’விலும் ஒன்றும் இல்லை. ஏப்ரல் 16-இல் மட்டும் இன்னொரு வட்டம். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற வரி முழுவதையும் சுற்றி, அழுத்தி.

பக்கத்தில் பச்சை இல்லை.

பன்னிரண்டு வீட்டு முகவரியையும் எடுத்து வைத்திருக்கிறேன். வேன் நாளைக் காலை ஒன்பது மணிக்கு. முதலில் தலைமையாசிரியர் வீடு, கடைசியில் தையல்காரம்மா. அவன் சொன்ன மூன்று வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் போதும், ஆளை மட்டும் மாற்றி. நாற்பது வருஷம் பேசியே பிழைத்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ‘மாத்தினது நான்’ என்கிற இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டது.